நாளும் நூலும்: பாரதி நினைவின் வரலாறு

நாள் கொண்டாடுதல் தமிழர்க்குப் புதிதன்று. மன்னன் பிறந்த நாளைச் சிறப்பிக்கும் பெருமங்கலத்தைத் தொல்காப்பியம் புறத்திணையுள் ஒரு துறையாக வைத்து எண்ணியது. முதலாம் இராசராசனின் சதயத் திருநாள் பற்றிக் கல்வெட்டுகள் பேசுகின்றன. நாயன்மார்க்குக் குருபூசையும் ஆழ்வார்க்குத் திருநட்சத்திரமும் ஆண்டு தவறாமல் நடைபெற்று வருகின்றன.

இவற்றுள் மன்னர் நாளுக்கும் அருளாளர் நாளுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. மன்னன் மறைந்தபின் அவன் நாள் பெரும்பாலும் மறைந்தது. ஆழ்வார், நாயன்மார் நாள்களோ நிலைத்தன. அந்நாள்களில் அவர்தம் பாடல்கள் ஓதப்பட்டதே இதற்குக் காரணம். சொல் இருந்தமையால் நாள் இருந்தது.

அந்தச் சொல்லும் தானாக நின்றதில்லை. நம்மாழ்வாரின் பத்துப் பாசுரங்களைக் கேட்ட நாதமுனிகள், ஆயிரத்துள் எஞ்சியவை எங்கே என்று தேடிக் குருகூர் சென்றதை வைணவ மரபு போற்றுகிறது. தில்லையில் பூட்டிய அறையில் செல்லரித்துக் கிடந்த ஏடுகளை இராசராசனும் நம்பியாண்டார் நம்பியும் மீட்டதைச் சைவ மரபு போற்றுகிறது. இரண்டையும் வரலாறாகக் கொள்வாரும் உளர். தொன்மமாகக் கொள்வாரும் உளர். எவ்வாறு கொள்ளினும் அவை உணர்த்தும் கருத்து ஒன்றே. புலவனை வணங்குதல் ஒரு செயல். அவன் சொல்லைத் தேடி எடுத்து அடுத்த தலைமுறையின் கையில் கொடுத்தல் வேறொரு செயல். முன்னது பின்னதைச் சார்ந்தே வாழும்.

அச்சுக் காலத்தில் இக்கருத்து எவ்வாறு மெய்ப்பட்டது என்பதற்குச் சுப்பிரமணிய பாரதியின் நினைவு வரலாற்றினும் தெளிவான சான்று வேறில்லை.

இரு தேதிகள்

பாரதி சித்திரபானு ஆண்டு கார்த்திகைத் திங்கள் மூல நாளில், 1882 டிசம்பர் 11 அன்று, எட்டயபுரத்தில் பிறந்தார். அவர் பிறந்த நாளில் ஐயம் இல்லை. மறைந்த நாளிலோ இரண்டு தேதிகள் வழங்குகின்றன. 1921 செப்டம்பர் 11ஆம் நாள் நள்ளிரவு கடந்து ஒரு மணிக்கு மேல் சென்னைத் திருவல்லிக்கேணியில் அவர் உயிர் பிரிந்தது. கதிரவன் எழுந்த பின்னரே மறுநாள் பிறப்பதாகக் கொள்ளும் தமிழ் மரபின்படி அது 11ஆம் நாள் இரவு. ஆங்கிலக் கணக்கின்படி 12ஆம் நாள். ஆகவே ஓரிடத்தில் 11 என்றும் ஓரிடத்தில் 12 என்றும் அவர் நினைவு கொண்டாடப்பட்டு வந்தது. 2021இல் அவர் மறைவின் நூற்றாண்டையொட்டித் தமிழ்நாடு அரசு செப்டம்பர் 11ஐ 'மகாகவி நாள்' என அறிவித்தது.

எந்தத் தேதி சரியானது என்னும் வழக்கு ஆய்வாளர்க்கு உரியது. ஆனால் அந்த இரவுக்குப் பின் நிகழ்ந்ததை எண்ணிப் பார்த்தல் தகும். பார்த்தசாரதி கோயில் யானை தாக்கிய நிகழ்ச்சி சில திங்கள் முன்னரே நடந்து முடிந்தது. அவர் உயிரைக் கொண்டது வயிற்றுக்கடுப்பு நோய். மறுநாள் காலை கிருட்டிணாம்பேட்டைச் சுடுகாட்டுக்கு உடன்சென்றோர் இருபதின்மர்கூட இல்லை என்பர். பரலி சு. நெல்லையப்பர், சக்கரைச் செட்டியார் முதலிய அன்பர் சிலரே இருந்தனர். 'மனிதனுக்கு மரணமில்லை' என்னும் பொருள் பற்றி ஈரோட்டை அடுத்த கருங்கல்பாளையத்தில் அவர் பேசி ஆறு கிழமைகளே ஆகியிருந்தன.

அன்று அவரோடு சென்றவர் தொகையைக் காட்டித் தமிழரைப் பழிப்பது மேடைகளில் வழக்கமாகிவிட்டது. அப்பழி முற்றும் பொருந்துவதன்று. அவர் எழுதியவற்றுள் பெரும்பகுதி அன்று நூல்வடிவில் கிடைக்கவே இல்லை. படித்தறியாத கவிஞனுக்காக ஊர் திரளவில்லை என்று குறைகூறுதல் எளிது. அவனைப் படிப்பதற்கு ஊர்க்கு வழி இருந்ததா என்று கேட்பதே முறை.

நிறைவேறாத திட்டம்

இக்கேள்வியைப் பிறர் கேட்பதற்கு முன்பே பாரதி கேட்டிருந்தார். 1918 நவம்பரில் புதுவையினின்று வெளியேறிக் கடலூர்ச் சிறையில் சில கிழமைகள் இருந்து, விடுதலை பெற்றுக் கடையத்தில் வாழ்ந்த காலத்தில், தம் நூல்கள் அனைத்தையும் வெளியிட ஒரு திட்டம் வகுத்தார். நாற்பது நூல்கள்; ஒவ்வொன்றிலும் பத்தாயிரம் படிகள்; ஆக 4 இலட்சம் படிகள். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் வீடுதோறும் விலையாவதுபோலத் தம் நூல்களும் விலையாகும் என்று அவர் நம்பினார். பொருளுதவி வேண்டி நண்பர்க்கும் அன்பர்க்கும் 1920இல் சுற்றுமடல் விடுத்தார்.

மண்ணெண்ணெயையும் தீப்பெட்டியையும் உவமையாக்கியது கருதத்தக்கது. புலவர்கள் தம் நூலுக்கு மணியையும் முத்தையும் உவமை கூறுவதே மரபு. பாரதியோ ஏழையின் குடிசையிலும் இருக்கும் பொருளையே தேர்ந்தார். விலைகுறைந்து, எளிதில் கிடைத்து, இருளில் பயன்படும் பொருளாகத் தம் நூல் அமைய வேண்டும் என்பதே அவர் விழைவு. விளக்கேற்றும் பொருள்கள் அவை இரண்டும் என்பதையும் மறத்தற்கில்லை.

திட்டம் நிறைவேறவில்லை. வேண்டிய பொருள் சேரவில்லை. 1920இன் இறுதியில் சென்னை திரும்பிச் 'சுதேசமித்திரன்' ஆசிரியக் குழுவில் மீண்டும் சேர்ந்தார். 'சந்திரிகையின் கதை' முற்றுப்பெறாமலே நின்றது. 'பாஞ்சாலி சபத'த்தின் முதற்பாகம் 1912இல் வெளிவந்திருந்தது. முழுக் காவியத்தையும் நூலாகக் காணும் பேறு அவர்க்குக் கிட்டவில்லை.

எனினும் அவர் வாழ்நாளிலேயே அவர் சொல்லைப் பரப்ப முன்வந்தோர் இருவரைக் குறிப்பிடுதல் வேண்டும். ஒருவர் வி. கிருஷ்ணசாமி ஐயர். அவர் மிதவாதி, பாரதியோ திலகர் வழி நின்றவர். அரசியலில் எதிரணியினராக இருந்தும், பாடல்களைக் கேட்டு உள்ளம் நெகிழ்ந்த ஐயர் அவற்றுள் சிலவற்றைத் தம் செலவில் 15,000 படிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கச் செய்தார். மற்றவர் பரலி சு. நெல்லையப்பர். செல்வர் அல்லர், ஆயினும் 1917இல் 'கண்ணன் பாட்டு', 'பாப்பாப் பாட்டு', 'முரசு' முதலிய சிறுநூல்களைத் தாமே வெளியிட்டார். பல நூற்றாண்டுகளுக்குப் பின்னும் தமிழ்நாட்டு ஆண்களும் பெண்களும் இப்பாடல்களைப் பாடி மகிழ்வர் என்னும் கருத்தை முன்னுரையில் எழுதினார். சுடுகாட்டுக்கு உடன்சென்ற சிலருள் அவரும் ஒருவர் என்பது நினைக்கத்தக்கது.

நூலுக்கு வந்த தடை

பாரதி மறைந்த மறு ஆண்டே, 1922இல், செல்லம்மா பாரதி 'பாரதி ஆசிரமம்' என்னும் பெயரில் வெளியீட்டகம் தொடங்கிச் 'சுதேச கீதங்க'ளைப் பதிப்பித்தார். எழுதுவதும் பதிப்பிப்பதும் ஆடவர் தொழிலாகவே கருதப்பட்ட காலத்தில், கணவனை இழந்த பெண்ணொருவர், கையில் பொருளின்றிப் பதிப்பகம் நடத்த முன்வந்ததைத் தமிழ்ப் பதிப்பு வரலாறு இன்னும் போதிய அளவு பேசவில்லை. முயற்சி நெடுநாள் நீடிக்கவில்லை. பின்னர்ப் பாரதியின் தம்பி சி. விசுவநாதன், ஹரிஹர சர்மா, மருமகன் நடராஜன் ஆகியோர் சேர்ந்து 'பாரதி பிரசுராலயம்' அமைத்து நூல்களை வரிசையாக வெளியிட்டனர்.

1928இல் பர்மா அரசாங்கம் பாரதி பாடல்களுக்குத் தடை விதித்தது. அதனைத் தொடர்ந்து சென்னை மாகாணத்திலும் நூற்படிகள் கைப்பற்றப்பட்டன. சட்டமன்றத்தில் சத்தியமூர்த்தி இதனை எதிர்த்து முழங்கினார். தாள்களைப் பறிமுதல் செய்யலாம். மக்கள் நாவில் ஏறிவிட்ட பாடல்களைப் பறிமுதல் செய்தல் இயலாது என்பது அவர் வாதத்தின் சாரம்.

ஏழு ஆண்டுகளுக்கு முன் இருபதின்மர்கூட உடன்செல்லாத ஒருவரின் பாடலுக்காகச் சட்டமன்றம் தன் அலுவலை நிறுத்தி விவாதித்தது. இடைப்பட்ட காலத்தில் அவர்க்குச் சிலையோ மண்டபமோ எழவில்லை. மலிவுப் பதிப்புகள் வெளிவந்தன. விடுதலைப் போராட்ட மேடைகளில் பாடல்கள் ஒலித்தன. அவ்வளவே. ஒரு கவிஞனை நாட்டுக்கு உரியவனாக்க அதுவே போதுமானதாயிற்று.

மகாகவியா, அல்லரா?

1930களின் நடுவில் ஒரு பெருவிவாதம் எழுந்தது. வ.ரா. பாரதியை மகாகவி என்றார். கல்கி அதனை மறுத்து எழுதினார். பாரதி நல்ல கவிஞர், தேசியக் கவிஞர். உலக மகாகவிகளோடு வைத்து எண்ணத்தக்கவர் அல்லர் என்பது மறுத்தோர் கட்சி. 'மணிக்கொடி'யைச் சார்ந்த எழுத்தாளர்கள் கொதித்தெழுந்தனர். கு.ப. ராஜகோபாலனும் சிட்டியும் எழுதிய மறுப்புரைகள் 'கண்ணன் என் கவி' என்னும் நூலாயின. தமிழ்த் திறனாய்வு வரலாற்றில் அந்நூலுக்குத் தனியிடம் உண்டு.

விவாதத்தின் தொடர்ச்சி சுவையானது. மகாகவி என்பதை மறுத்த அதே கல்கி, எட்டயபுரத்தில் பாரதிக்கு மணிமண்டபம் எழுப்ப முன்னின்றார். தம் இதழின் வாயிலாகப் பொதுமக்களிடம் நிதி திரட்டினார். 1945இல் கால்கோள் இடப்பட்டு, 1947 அக்டோபரில், நாடு விடுதலை பெற்ற இரண்டாம் திங்களில், மண்டபத்தை இராஜாஜி திறந்துவைத்தார். இறுதி ஊர்வலத்தில் காணாத கூட்டம் அன்று எட்டயபுரத்தில் திரண்டது.

கல்கி தம் கருத்தை மாற்றிக்கொண்டாரா என்பது பற்றி இரு வேறு கருத்துகள் உண்டு. அஃது எவ்வாறாயினும், ஒரு கவிஞனின் தகுதியைப் பற்றி அஞ்சாமல் வாதிட்டதும், பின்னர் அவனுக்காக உழைத்ததும் ஒரே தலைமுறை என்பது பெருமைக்குரியது. புகழ்மொழி மட்டுமே கேட்கும் நினைவு மேடைகளுக்கு அத்தலைமுறையிடம் கற்க வேண்டிய பாடம் உண்டு. வாதத்திற்கு உரியவனாக இருக்கும்வரை கவிஞன் உயிரோடு இருக்கிறான். எல்லாரும் ஒருமித்துப் புகழ்ந்து, எவரும் படிக்காத நிலையே அவனுக்கு உண்மையான மறைவு.

பொதுச்சொத்தான சொல்

மண்டபம் எழுந்தபோதும் பாரதியின் சொல் தனியுடைமையாகவே இருந்தது. நூல்களின் பதிப்புரிமையைச் செல்லம்மா பாரதியிடமிருந்து 1931இல் ரூ. 4,000க்கு விசுவநாதன் பெற்றிருந்தார். பாடல்களை இசைத்தட்டிலும் வானொலியிலும் பயன்படுத்தும் உரிமை வேறொரு வணிகரிடம் இருந்து, 1946இல் ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் சென்றது. அவர் எடுத்த 'நாம் இருவர்' படத்தின் வாயிலாகப் பாரதி பாடல்கள் பட்டிதொட்டியெல்லாம் பரவின. ஆனால் டி.கே. சண்முகம் சகோதரர்கள் தம் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாடலைப் பயன்படுத்தியபோது உரிமை வழக்கு எழுந்தது. நாட்டு விடுதலையைப் பாடிய பாடலைப் பாட, விடுதலை பெற்ற நாட்டில் ஒருவர் மற்றொருவரிடம் இசைவு பெற வேண்டியிருந்தது.

இந்நிலையை மாற்ற முன்வந்தோர் எழுத்தாளர்களே. 1948இல் 'பாரதி விடுதலைக் கழகம்' தோன்றியது. நாரண. துரைக்கண்ணன், வ.ரா., அ. சீனிவாசராகவன், திருலோக சீதாராம் முதலியோர் அதில் பாடுபட்டனர். திருநெல்வேலிக்குச் சென்று செல்லம்மா பாரதியைக் கண்டு அவர் இசைவைப் பெற்றனர். ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதலமைச்சராகவும் தி.சு. அவினாசிலிங்கம் கல்வி அமைச்சராகவும் இருந்த அரசு கோரிக்கையை ஏற்றது. மெய்யப்பச் செட்டியார் தம்மிடமிருந்த உரிமையை விலை பெறாமல் அளித்தார். விசுவநாதனுக்கு ரூ. 15,000 வழங்கப்பட்டது. செல்லம்மா பாரதிக்கும் மகளிர் இருவர்க்கும் தலைக்கு ரூ. 5,000 வழங்கப்பட்டது. 1949இல் உரிமை அரசுக்கு வந்தது. அரசுப் பதிப்புகள் வெளிவந்தபின், 1950களின் நடுப்பகுதியில், எவரும் தடையின்றி வெளியிடலாம் என்னும் நிலை ஏற்பட்டது.

ஓர் எழுத்தாளரின் படைப்புகளை அரசு பெற்று மக்களுக்கு உரிமையாக்கிய இம்முறை தமிழகத்தில் பின்னர் வழக்கமாயிற்று. பாரதிதாசன் முதலாகப் பலருடைய நூல்கள் அவ்வாறு நாட்டுடைமையாயின. இதன் பயன் அச்சிட்ட படிகளின் எண்ணிக்கையில் மட்டும் இல்லை. பள்ளிச் சிறுவன் வாங்கும் விலையில் பாரதி கவிதைகள் முழுவதும் ஒரே நூலாகக் கிடைத்தன. கடையத்தில் அமர்ந்து தீப்பெட்டியை எண்ணிய கவிஞரின் கனவு, அவர் மறைந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின், சிறிது பொருளோடும் பெரிது பெருந்தன்மையோடும் நிறைவேறியது.

தேடியவர்கள்

கவிதை மக்களிடம் சென்றது. உரைநடை? பாரதி இதழாளர். 'சுதேசமித்திரன்', 'இந்தியா', 'விஜயா', 'சக்கரவர்த்தினி' என அவர் எழுதிய இதழ்கள் பல. அவ்வெழுத்துகளின் பெரும்பகுதி பழைய இதழ்க்கட்டுகளில் புதைந்து கிடந்தது. நாதமுனிகள் பத்துக் கேட்டு ஆயிரம் தேடியது போல, அவற்றைத் தேடிப் புறப்பட்டோர் சிலர்.

பெ. தூரன் 'சுதேசமித்திரன்' இதழ்களைத் துருவி எடுத்தவற்றை 1953இல் 'பாரதி தமிழ்' என வெளியிட்டார். ரா.அ. பத்மநாபன் ஒளிப்படங்களையும் ஆவணங்களையும் திரட்டி 1957இல் 'சித்திர பாரதி'யை அளித்தார். இளசை மணியன் 'இந்தியா' இதழ் எழுத்துகளை 1970களில் 'பாரதி தரிசனம்' எனத் தொகுத்தார். ஆ.இரா. வேங்கடாசலபதி 'விஜயா' கட்டுரைகளை 2004இல் நூலாக்கினார். சீனி. விசுவநாதன் தம் வாழ்நாளையே இப்பணிக்கு ஈந்து, பாரதி எழுதிய அனைத்தையும் காலவரிசையில் நிறுத்தினார். அத்தொகுப்பின் 23 தொகுதிகளும் 2024 டிசம்பர் 11 அன்று, பாரதி பிறந்த நாளில், புதுதில்லியில் வெளியிடப்பட்டன. நாளும் நூலும் ஒருங்கே வந்த நிகழ்ச்சி அது.

காலவரிசை என்பது வெறும் ஒழுங்கன்று. எந்தப் பாடல் எந்த நிகழ்ச்சிக்கு விடையாக எழுந்தது, எந்தக் கருத்து எப்போது மாறியது என்பதை அதுவே காட்டும். மேற்கோளாக மட்டும் வழங்கும் கவிஞன் எவர் கட்சிக்கும் இழுக்கத்தக்கவன். முழுதும் படிக்கப்படும் கவிஞன் தன்னைத் தானே காத்துக்கொள்வான்.

ஒரு நாளில் இருவர்

ஆங்கிலக் கணக்கின்படி பாரதி மறைந்த செப்டம்பர் 12, மற்றொருவர் பிறந்த நாள். யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் 1832இல் அந்நாளில் பிறந்தவர் சி.வை. தாமோதரம் பிள்ளை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற்பட்டதாரிகளுள் ஒருவர். 1881இல் வீரசோழியம், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரம் நச்சினார்க்கினியம், 1887இல் கலித்தொகை, 1889இல் சூளாமணி என அவர் பதிப்பித்தவை தமிழின் பழஞ்செல்வங்கள். தொட்டால் ஒடியும் ஏடுகளிலிருந்து அவர் எடுத்தளித்த சொற்கள் பிறருடையவை, உழைப்பு அவருடையது.

செப்டம்பரில் பாரதிக்கு நடைபெறும் கூட்டங்கள் எண்ணற்றவை. தாமோதரம் பிள்ளையை அந்நாளில் நினைப்போர் மிகச் சிலர். படைத்தவனை நினைக்கும் சமுதாயம் காத்தவனை மறப்பது இயல்பு போலும். ஆனால் பாரதி அவ்வாறு மறந்தவர் அல்லர். உ.வே. சாமிநாதையர்க்கு 1906இல் மகாமகோபாத்தியாயப் பட்டம் வழங்கப்பட்டபோது, பழந்தமிழ் நூல்களைக் காத்த அப்பெரியார் தமிழ் உள்ளளவும் வாழ்வார் என்னும் கருத்தமையப் பாடி வாழ்த்தினார். அப்போது பாரதியின் வயது இருபத்து மூன்று. பதிப்பாசிரியனுக்கும் இறவாமை உண்டு என்று ஓர் இளங்கவிஞன் உணர்ந்திருந்தான். தம் சொல்லும் அத்தகைய கைகளை நம்பியே வாழப்போகிறது என்பதை அன்று அவர் அறிந்திருக்க இயலாது.

இலக்கிய அமைப்புகளின் கடன்

திருவள்ளுவர்க்கு முன்பு வைகாசி அனுடத்திலும் பின்பு தை இரண்டாம் நாளிலும் விழா எடுத்தனர். கம்பனுக்குக் காரைக்குடிக் கம்பன் கழகம் 1939 முதல் பங்குனி அத்தத்தில் விழா எடுத்து வருகிறது. இப்புலவர்கள் பிறந்த நாளை எவரும் அறியார். நாளைத் தமிழரே அமைத்துக்கொண்டனர். அமைத்துக்கொள்ள முடிந்தது, குறளும் காப்பியமும் கையில் இருந்தமையால். நூல் இருப்பின் நாளை உண்டாக்கலாம். நாள் மட்டும் இருப்பின் நூலை உண்டாக்க இயலாது.

பாரதியின் நூறாண்டு நினைவில் அரசு செய்தவை உண்டு; 1982இல் அவர் பெயரால் பல்கலைக்கழகம் தோன்றியது; திருவல்லிக்கேணியில் அவர் வாழ்ந்த இல்லம் நினைவில்லமாயிற்று. ஆனால் இவை அனைத்திற்கும் அடித்தளமிட்டோர் சிறு குழுவினர்: ஒரு மனைவி, ஒரு தம்பி, ஒரு நெல்லையப்பர், உரிமை கேட்டு இரயிலேறிச் சென்ற எழுத்தாளர் சிலர், பழைய இதழ்க்கட்டுகளின் தூசியில் அமர்ந்த ஆய்வாளர் சிலர். சுடுகாட்டுக்குச் சென்ற சிலரை எண்ணி வருந்துவோர், இந்தச் சிலரை எண்ணி ஊக்கம் கொள்ளலாம்.

ஒவ்வோர் ஊரிலும் இலக்கிய வட்டம் உண்டு. ஒவ்வோர் ஊரிலும் நூலாகாத கவிஞர் ஒருவரேனும் மறைந்திருப்பர். அவர்தம் கையெழுத்துப் படிகள் வீட்டுப் பரணில் இருக்கும். நின்றுபோன சிற்றிதழ்களில் அச்சானவை இருக்கும். வீடு மாறும்போதும் பரண் துப்புரவாகும்போதும் முதலில் எடைக்குச் செல்பவை அவையே. ஆண்டுதோறும் மாலையும் சொற்பொழிவும் அமைக்கும் வட்டம், ஆண்டுக்கு ஒருவரின் எழுத்தைத் தொகுத்து நூறு படிகளேனும் அச்சிட்டு, ஊர் நூலகத்தில் ஒன்றை வைக்குமாயின், அக்கவிஞர்க்கு வேறு நினைவுநாள் வேண்டுவதில்லை. அந்நூலை ஒருவர் எடுத்துப் பிரிக்கும் நாளெல்லாம் அவர் நினைவுநாளே.